முகமூடி போட்ட ஐயா தலையாட்டிய விவகாரம்

குருக்கள்மடம்,
மார்கழி 2009.

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சிறுவர் தடுப்பு இல்லத்தின் பொறுப்பாளர் க. யோகராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாரி மழையும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாயிருக்க மண்டூர் முருகனை வேண்டுகிறேன். அந்த இயந்திரம் கடந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் பழுதாகி நின்றிருந்தால் முருகனுக்கு ஒரு காவடியும் எடுத்திருப்பேன். நிற்கவில்லை. "தடுப்பு இல்லச் சிறுவர்கள் கூட்டமாகத் தப்பியோட்டம்: பொறுப்பாளர் உறக்கமா?" என்று கொட்டை எழுத்தில் அடித்துத் தள்ளிவிட்டது. அதற்கு என் மறுப்பைத் தாங்கள் அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று பணிவாகவும், கொஞ்சம் கோபமாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், நான் உறங்கவில்லை. சம்பவம் நடந்தது நல்ல பகல் வேளையில். நான் முற்றத்தின் நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன். அடுத்தது, தப்பியோட்டம் என்றால் தாண்டி ஓடுவதற்கு ஒரு மதில் வேண்டும். எங்கள் மதிலை ஐந்து வருடத்துக்கு முன் சுனாமி கடல் பக்கத்தால் வந்து, முன்னும் பின்னும் சேர்த்து வாரிக்கொண்டுபோய் வாவியில் போட்டுவிட்டது. ஆனால் அரசாங்கத் திணைக்களத்துக் கோப்பின்படி மதில் கட்டி, சாந்து பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. திறப்பு விழாவுக்குப் பெரியவர் ஒருவர் வந்து நாடா வெட்டினார். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தவன் நான். இல்லாத மதிலில் எதைத் திறக்கிறார் என்று அன்று ஒரு நிருபரும் வாய் திறக்கவில்லை, தங்கள் பத்திரிகையிலும் படம் வந்தது. ஆகவே மதில் இருக்கிறது என்றால் பிள்ளைகள் ஓடியிருக்க முடியாது. ஓடினார்கள் என்றால் மதில் இல்லை. இரண்டில் எதை அச்சிடுவது என்று தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உண்மையில் இவ்வளவு காலமும் பிள்ளைகளைத் தடுத்து வைத்திருந்தது நான் முற்றத்தில் தடியால் கீறிய ஒரு கோடுதான். மழை வந்து கோடு அழிந்தால் அவர்களே திரும்பக் கீறி வைப்பார்கள்.

"இளம் குற்றவாளிகள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒருவன் கரையில் கேட்பாரில்லாமல் கிடந்த நிவாரணப் படகின் இயந்திரத்தைக் கழற்றியவன். இன்னொருவன் மாமன்காரனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் படம் பார்க்கப் போனவன். மண்டூர் சீதேவிப்பிள்ளையின் மகன் உதயரூபன் செய்த குற்றம், அடையாள அட்டை இல்லாமல் தெருவில் நடந்தது. பதினாறு வயதாகாதவனுக்கு அட்டை கிடையாது என்பது சோதனைச் சாவடியில் கேட்டவருக்கும் தெரியும். ஆனால் பதினாறு ஆகவில்லை என்று காட்ட ஏதாவது அட்டை வேண்டுமல்லவா. பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அது, அவர்கள் கடற்கரைப் பக்கம் குடியிருந்தபோது, எங்கள் மதிலைப்போலவே சுனாமியோடு வாவிக்குள் போன சாமான்களில் ஒன்று. சண்டை முடிந்துவிட்டது, இனி ஒருவரும் ஒருவரையும் சந்தேகிக்கத் தேவையில்லை என்று வானொலியில் சொன்ன மாதத்தில்தான் அவனை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். வழக்கு ஒத்திவைத்து ஒத்திவைத்து, இப்போது ஒத்திவைப்பதற்கே ஒரு தவணை கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு இழுப்பு வருத்தம், ஆஸ்துமா. மழைக்காலத்தில் அவன் மூச்சு விடும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். அது கேட்காவிட்டால் எனக்கு இன்னும் பயம், எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

இப்படியிருக்கும்போதுதான் பன்றிக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கப் பரவிய நோய் மட்டக்களப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகுமா? கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு மீற்றர் இடைவெளி விட்டுப் படுக்க வைக்கும்படி. எங்கள் மண்டபம் பன்னிரண்டு பேருக்குக் கட்டியது; இருந்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சுற்றறிக்கைப்படி படுக்கவைத்தால் பாதிப்பேர் வாவியில்தான் படுக்க வேண்டும். போதாததற்கு, ஏறாவூரிலிருந்து ஒரு பிள்ளையின் வாப்பா அப்துல் மஜீத் மழையோடு மழையாக வந்து, தங்கள் வீட்டுப் பிள்ளை பண்டியைக் கண்ணாலும் கண்டதில்லை, அவனுக்கு எப்படிப் பண்டிக் காய்ச்சல் வரும், யார் கொடுத்தது என்று என்னைப் பிடித்துக்கொண்டார். இது பேர்தான் அப்படி, பன்றிக்கும் உங்கள் மகனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் அவர் சொன்னது நியாயம். பேர் எதுவானாலும் பிள்ளை வீட்டில் கிடந்தால் தனியாக ஒரு பாயில் கிடப்பான் என்றார்.

அதையேதான் நானும் திணைக்களத்துக்கு எழுதினேன். சின்ன வழக்குக்காரர்களை நோய் அடங்கும்வரை வீட்டுக்கு அனுப்புங்கள், இழுப்புக்காரனை முதலில் அனுப்புங்கள் என்று. எழுதியது நல்ல காரியம், தலைப்பில்தான் கோட்டை விட்டேன். "சிறுவர்களின் விடுதலை அவசரம்" என்று போட்டுவிட்டேன். விடுதலை என்ற சொல்லை இந்த வருடத்தில் மட்டக்களப்பிலிருந்து ஒருவன் எழுதலாமா? கடிதம் கொழும்புக்குப் போனதோ இல்லையோ, சாதாரண உடுப்பில் இரண்டு பேர் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். எந்த விடுதலை, யாருக்கு, உனக்குச் சொல்லித் தந்தது யார் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். வழக்கில் பிணை கிடைத்து வீட்டுக்குப் போவதற்கும் அந்தச் சொல்தான் ஐயா, வேறு சொல் எங்கள் பாஷையில் இல்லை என்றேன். இல்லாவிட்டால் ஒன்றை உண்டாக்கு என்றார்கள். ஆகவே இரண்டாவது கடிதத்தில் "சிறுவர்கள் வெளியே போதல்" என்று திருத்தி எழுதினேன். அதை வாசித்த கொழும்பு அதிகாரி, பிள்ளைகள் வெளிக்குப் போவதற்கு மலசலகூடம் கேட்கிறேன் என்று விளங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்ப்பதாகப் பதில் போட்டார். நோய்க்கு மருந்தாக ஒரு பெட்டி முகமூடியும் அனுப்பினார்.

அந்தப் பெட்டி சோதனைச் சாவடியைத் தாண்டவில்லை. ஒரு தடுப்பு இல்லத்துக்கு இத்தனை முகமூடி எதற்கு, முகத்தை மூடிக்கொண்டு யார் யார் எங்கே போகப் போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள். எல்லாச் சாவடியிலும் காவலாளிகள் நல்ல நீல நிற முகமூடியோடு நிற்பதைத் தாங்கள் இந்தப் பக்கம் வந்தால் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை. ஆக, சம்பவம் நடந்த அன்றைக்கு எங்கள் முற்றத்தில் முகமூடி போட்டிருந்தவர் ஒரேயொருவர். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாஹிம். காத்தான்குடிப் பிள்ளை, தங்கமான மனிதர். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் இருக்கிற ஒரே பழக்கம், யோசிக்கும்போது தன்பாட்டில் தலையை ஆட்டுவது.

தாங்கள் கொழும்பில் இருப்பவர், ஆகவே இந்த இடத்தை விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் சுற்றிவளைப்பு நடந்தால் ஊரையே மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து முன்னால் இருத்துவார்கள். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் வாகனத்தில் ஏற்றுவார்கள். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், இந்தப் பிள்ளைகள் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சிலர் திரும்பி வரும்போது பிடிக்க அந்தக் கை இல்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள். காய்ச்சல்காரரைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று பிள்ளைகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்தியவன் நான். நோயாளரை ஏற்றிப்போக ஆஸ்பத்திரி ஒரு வானை அனுப்பியிருந்தது. அது வெள்ளை வான். எங்கள் பக்கத்தில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போக வருவதும் வெள்ளை வான்தான். ஆஸ்பத்திரி வான் வெள்ளையாக இல்லாமல் பச்சையாகவா இருக்கும்? பாஹிம் முகமூடியோடு வந்து ஒரு நாற்காலியில் இருந்தார். முதலாவது பிள்ளையின் நெற்றியில் கை வைத்தார், சும்மா இருந்தார். அடுத்தவனைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று கண்டு, தலையை ஆட்டினார். அவனை வானுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். வரிசையில் சத்தமே இல்லை. அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பிறகு உதயரூபன் வந்து நின்றான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பாஹிம் அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக, நிறுத்தி நிறுத்தித் தலையை ஆட்டினார்.

"தலையாட்டிடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முற்றத்தில் செருப்புகள் மட்டும் கிடந்தன. இழுப்புக்காரன்தான் முன்னுக்கு ஓடினான். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவனால் அப்படி ஓட முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கோட்டைத் தாண்டி, இல்லாத மதிலைத் தாண்டி, பற்றைக் காட்டுக்குள்ளால் எல்லோரும் போய்விட்டார்கள். பாஹிம் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வானின் படியில் இருந்துவிட்டார். "அண்ணன், நான் காய்ச்சலத்தானே பாத்தன்" என்று அழுகிற குரலில் சொன்னார். அவர் தலையாட்டியபோது நானும் என்னையறியாமல் ஓரடி பின்னுக்கு வைத்தேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை, தங்களுக்குச் சொல்கிறேன்.

அன்று பின்னேரமே திணைக்களத்திலிருந்து கட்டளை வந்தது, வீடு வீடாகத் தேடிப் பிடிக்கும்படி. தேடவில்லை என்று தாங்கள் எழுதியிருப்பது அபாண்டம். பாஹிமின் மோட்டார் சைக்கிளில் நானும் ஏறி, முகமூடி இல்லாமல், ஊர் ஊராகத் தேடினோம். ஒரு ஒழுங்கையில் திரும்புவதற்கு முன்பே ஹோர்ன் அடித்து, அரச உத்தியோகத்தர் வருகிறார் என்று ஊருக்குத் தெரியப்படுத்தி, வாசல் படலையில் நின்று, இருமல் தீரும்வரை நன்றாக இருமி, பிறகுதான் உள்ளே போவோம். உன் மகன் இங்கே இல்லைத்தானே என்று கேட்பேன். இல்லை ஐயா என்பார்கள். அவன் வந்தால் கொடுக்கும்படி பாஹிம் காய்ச்சல் குளிசையைக் கொடுத்து, எத்தனை வேளை என்றும் சொல்லுவார். ஏறாவூரில் அப்துல் மஜீத் எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார். இல்லாத மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு தின்கிறான் என்று சந்தோஷமாகச் சொன்னார். இப்படி எங்கு தேடியும் ஒருவரும் அகப்படவில்லை. மண்டபத்தில் இருந்திருந்தால் இந்நேரம் எத்தனை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனோ தெரியாது. ஆகவே தப்பியோட்டம் என்ற சொல்லை மீளப் பெற்று, "சுகாதார நடவடிக்கையின்போது சிறுவர்கள் தற்காலிகமாக இடைவெளி பேணினர்" என்று திருத்திப் போடும்படி வேண்டுகிறேன். சுற்றறிக்கை கேட்டது ஒரு மீற்றர். அவர்கள் மைல் கணக்கில் பேணியிருக்கிறார்கள்.

தங்கள் பேனாவுக்கும் பிள்ளைகுட்டிகளுக்கும் ஒரு குறையும் வராமல் அந்த மண்டூரான் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். அடிக்கடி கை கழுவவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
க. யோகராசா

பி.கு.: ஐயா, மேலே எழுதியதில் ஒரு வரியும் போட வேண்டாம். தப்பியோட்டம் தப்பியோட்டமாகவே இருக்கட்டும், நான் உறங்கியவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரம் கொழும்பிலிருந்து தொலைநகல் வந்தது. நோய் காரணமாகச் சின்ன வழக்குக்காரர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பலாமாம். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் நேரில் ஒப்படைத்து, விசாரித்து, கைரேகை எடுக்க வேண்டுமாம். விடுவதற்காக முதலில் பிடிக்க வேண்டும். சரி, நல்ல காரியம்தானே என்று நானும் தங்கள் பத்திரிகைக்கு ஒரு அறிவித்தல் எழுதினேன்: "பெற்றோர் பிள்ளைகளை உடனே கொண்டுவந்து ஒப்படைக்கவும். விசாரித்துவிட்டு அனுப்பிவைப்போம்." அதைத் தங்களுக்கு அனுப்பும் முன் உதயரூபனின் தாய் சீதேவிப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம் என்று, வாவியைக் கடக்கிற படகில் ஏறி மண்டூருக்குப் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்:

"விசாரிச்சிட்டு அனுப்புறம் எண்டுதான் ஐயா, மூத்தவனையும் கூட்டிக்கிட்டுப் போனவங்க. நான் இன்னும் அவனுக்கும் சேத்துத்தான் சோறாக்கிறன்."

அறிவித்தல் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள். என் முகத்தைப் பார்த்தபடி, பூனை என்றார் சீதேவிப்பிள்ளை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். தும்மல் மட்டும்தான், இழுப்புச் சத்தம் இல்லை.

"பூனைக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடு பிள்ள" என்றேன். "ஆரு வந்து கேட்டாலும் வெளிய விட்டிராத. நான் வந்து கேட்டாலும்."