கல்லாற்றில் ஒரு பாட்டில் ஊறுகாய்

யாராவது ஒன்று சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிடும். பிறவியிலேயே வந்த இந்தத் திறமையை நம்பித்தான் கல்லாற்றில் இரண்டு பிரெஞ்சுப் பெண்களின் கால்களில் மாங்காய் ஊறுகாய் பூசினேன்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. என் கணவர் கணக்கர் வேலையை விட்டுவிட்டு, பொன்முடி அடிவாரத்தில் சுற்றுலாப் பயணிகளை மலைப்பாதையில் நடத்திக் கூட்டிப்போகும் தொழிலைத் தொடங்கியிருந்தார். நகரத்தில், கிழக்கேகோட்டை வீட்டிலிருந்த என் மாமியார், "நல்ல வேலைய விட்டுட்டு காட்டுல நடக்கப் போறானாம்" என்று கோயிலுக்கு வருபவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். முதல் விருந்தாளிகள் இணையத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதினால் தொழில் பிழைக்கும். திட்டி எழுதினால் இவர் திரும்பவும் அலுவலக நாற்காலிக்குத்தான். அந்த விருந்தாளிகள் வரும் நாளன்று காலை, இவர் குளியலறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். (அந்தப் பாதையில் அதற்கு முன் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அதிலும் பாதி நேரம் செல்ஃபி.)

இவர் படுத்தபடியே சொன்னார்: "மழை பெய்ஞ்சு கெடக்கு. உப்பு நெறைய எடுத்துக்கோ, கேட்டியா? எதுக்குன்னா..."

"உப்பு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று அடுக்களைக்குள் போய்விட்டேன்.

"வல்லதும் ஆச்சுன்னா போன்ல விளி!" என்று, ஏதாவது ஆனால் கூப்பிடச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினார்.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவளுக்குப் பயணம் என்றால் கட்டுச்சோறு. நடந்தால் வியர்க்கும், வியர்த்தால் உடம்புக்கு உப்பு வேண்டும். ஆகவே எலுமிச்சைச் சோற்றில் கைநிறைய அள்ளிப் போட்டேன். தொட்டுக்கொள்ள ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய். கணவரின் தொழிலையே காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு கிளம்பினேன்.

ஆற்றோரப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் கிளேர் என்ற பெண் குனிந்து பார்த்து அலறினாள். கணுக்காலில் அட்டைகள் இரத்தம் குடித்துக் கொழுத்துக்கொண்டிருந்தன. அவள் தோழி காலிலும் அட்டை. என் காலிலும்தான்.

"உப்பு போட்டால் விழுந்துவிடுமாமே, கொண்டுவந்திருக்கிறீர்கள்தானே?" என்று கிளேர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

கணவர் சொல்ல வந்த மீதி எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொண்டுவந்த உப்பு முழுவதும் சோற்றில் இருந்தது. பையைத் துழாவியபோது ஊறுகாய் பாட்டில் தட்டுப்பட்டது. அதிலும் உப்புதானே என்று அள்ளி அப்பினேன்.

அட்டைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. நான் நிமிர்ந்து சிரிப்பதற்குள், கடிபட்ட இடத்தில் மிளகாய் வேலையைக் காட்டத் தொடங்கியது. மூன்று பேரும் கத்திக்கொண்டே ஆற்றுக்குள் ஓடினோம். பிறகு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள். ஒரு வாய்க்கு ஒரு பாட்டில் தண்ணீர். என் புருஷன் பிழைப்பு போயிற்றே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் இணையத்தில் ஐந்து நட்சத்திரம். 'பழங்காலக் கார மூலிகைச் சிகிச்சை. கால் இன்னும் எரிகிறது. தவறவிடாதீர்கள்!'

தொழில் நிலைத்துவிட்டது. இப்போதும் வருகிறவர்கள், "அந்த மூலிகைச் சிகிச்சை உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்கிறார்கள். காட்டைப் பழித்த மாமியாரே அதற்கென்று காரம் குறைத்து ஊறுகாய் போட்டுத் தருகிறார். ஆனால் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்து ஊறுகாய் கேட்டால் மட்டும், கரண்டியைப் பாட்டிலுக்குள் விட்டபடி கேட்பார்:

"சோத்துக்கா ஏட்டி, காலுக்கா?"