மணலில் காய்த்த கத்தரிக்காய்

சம்பந்தியாகப் போகிற முத்தலிப் தோட்டம் பார்க்க வருவதாகத் தொலைபேசியில் சொன்னபோது, நளீரின் தோட்டத்தில் இருந்தது ஒரேயொரு மிளகாய்க் கன்று, ஊர்ப் பேச்சில் கொச்சிக்காய்க் கண்டு. அதுவும் மனைவி பஸ்மிலா நட்டது.

"நாளைக்கு ஜும்ஆ முடிஞ்ச கையோட நானும் மனிசியும் வாறம் மச்சான். அந்தக் கத்தரி நிக்கிற மண்ண ஒருக்காப் பார்க்கணும்," என்றார் முத்தலிப்.

"வாங்க வாங்க, தாராளமா வாங்க," என்று சொல்லிப் போனை வைத்த நளீர், பின்வளவுக் கதவைத் திறந்து பார்த்தார். வேலி வரைக்கும் வெள்ளை மணல். வேலிக்கு அப்பால் கடற்கரை. அங்கும் மணல்தான்.

"என்ன, முகம் வெளிறிப் போய்க் கிடக்கு?" என்று கேட்டாள் பஸ்மிலா.

"வரிப்பத்தான்சேனையில இருந்து சம்பந்தி வீட்டாக்கள் தோட்டம் பார்க்க வாறாங்களாம்."

"எந்தத் தோட்டம்?"

நளீர் கதவை மெல்லச் சாத்தினார்.

நளீருக்குக் கல்முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. மண்ணுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன் அவருக்குத் திடீரென்று தோட்ட ஆசை வந்தது. எதை நடுவது என்று மனைவியிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"கீரையும் கொச்சிக்காயும் போடுங்க. இந்தச் சாய்ந்தமருது மணலுக்கு அதுதான் வரும். பழமெண்டா ஒரு பப்பாசிக் கண்டு வைங்க."

"கீரையும் பப்பாசியும் எல்லா வளவுலயும் நிக்கி. நம்மட வளவுல நாலு பேர் நிண்டு பார்க்கிற மாதிரி ஒண்டு நிக்கணும்."

போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒரு மனிதர் கறுத்த மண்ணிலிருந்து கரட்டை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கம்பளிச் சட்டை போட்டிருந்ததை நளீர் கவனிக்கவில்லை. கரட், முட்டைக்கோவா, ஸ்ட்ரோபெரி என்று மூன்றையும் தெரிவு செய்து, விதையும் கன்றுமாக வாங்கி வந்து நட்டார்.

கரட் எலிவால் தடிப்பில் வந்து நின்றுவிட்டது. கோவா சுருளவே இல்லை. இலையை விரித்துக்கொண்டு கிடந்து வெயிலில் கருகியது. ஸ்ட்ரோபெரி ஒரு பழம் பழுத்தது. அதை நளீர் படமெடுத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அணில் கொண்டு போனது.

பஸ்மிலா ஒன்றும் சொல்லவில்லை. கொச்சிக்காய்க் கண்டுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நளீருக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் மகள் சஹ்லாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஸஜாத், முத்தலிபின் மகன், ஆசிரியர். சஹ்லாவுக்கும் பிடித்திருந்தது.

"நல்ல வயல்காரக் குடும்பம்," என்றார் தரகர். "முத்தலிப் தங்கமான மனிசன். ஒண்டுதான், பொய் எண்டா தாங்கமாட்டார். பெரிய மகனுக்குப் பேசின இடத்த ஒரு சின்னப் பொய்க்காக விட்டவர்."

கலியாணப் பேச்சுக்கு அவர்கள் வீட்டுக்குப் போன அன்று முத்தலிப் அதிகம் கதைக்கவில்லை. கேட்டதற்கு "ஓம்" என்பார், பிறகு மௌனம். நளீருக்கு மௌனம் ஒத்துவராது. பிஸ்கட் கையில் இருக்க, வாயில் வந்ததைச் சொன்னார்.

"நான் தோட்டமும் செய்யிறன்."

முத்தலிப் முதன்முறையாக நிமிர்ந்தார். "அப்பிடியா? என்ன போட்டிருக்கீங்க?"

கரட் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வயல்காரரிடம் அதைச் சொல்ல மானம் விடவில்லை.

"கத்தரி, வெண்டி, பயித்தங்காய்."

தன் மண்ணுக்கு ஏற்ற மரக்கறியை நளீர் சரியாகத் தெரிவு செய்தது அன்றுதான். அதுவும் வாயால்.

"அப்ப அடுத்த முறை வரக்க எங்களுக்கும் கொஞ்சம் கொண்டு வாங்களன் காக்கா," என்று நளீரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் தாய் லைலா.

அடுத்த வெள்ளிக்கிழமை நளீர் கல்முனைச் சந்தைக்குப் போய், இருப்பதில் நல்ல காயாகப் பொறுக்கி ஒரு பை நிறைய வாங்கினார். கடைக்காரரின் பையை வீதியிலேயே எறிந்துவிட்டு, வீட்டுப் பன்கூடையில் அடுக்கிக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்குப் போனார்.

முத்தலிப் ஒரு கத்தரிக்காயை எடுத்து, காம்பைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், மறுபடி காம்பைப் பார்த்தார்.

"இது உங்கட வளவுலயா காய்ச்ச?"

"ஓம்."

"கடல் காத்து அடிக்கிற மணல்லயா?"

"எருப் போட்டன்."

"என்ன எரு?"

"மீன்... மீன் கழிவு."

முத்தலிப் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குள் லைலா கூடையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

இதோடு முடிந்தது என்று நளீர் நினைத்தார். அடுத்த வியாழக்கிழமை லைலாவே போன் எடுத்தார். "காக்கா, கத்தரிக்காய் முடிஞ்சு போச்சு. தோட்டத்துல இன்னும் நிக்கா?"

நின்றது. வெள்ளிக்கிழமை தோறும் நின்றது. கூடை வளர வளரப் பொய்யும் வளர்ந்தது. பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள் என்று முத்தலிப் கேட்டார். வேப்பெண்ணெய் என்றார் நளீர். எந்த நேரம் தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து என்றார். பொய்க்குள் தொழுகையையும் இழுத்துப்போட்ட அன்று, பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்க நளீருக்குக் கால் வரவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றார்.

இப்போது அந்த மனிதர் மண்ணைப் பார்க்க வருகிறார்.

"உண்மையச் சொல்லுங்களன்," என்றாள் பஸ்மிலா.

"சொன்னா நாளைக்கே கலியாணத்த விட்டிருவார். மகள் என்ன செய்யும்?"

கன்று விற்கும் இடத்துக்கு ஓடினார். "காய்ச்சு நிக்கிற கத்தரிக் கண்டு இரிக்கா?"

"இப்பதான் ஒரு சாண் வளர்ந்திரிக்கு. பூ வைக்கவே நாள் செல்லும்."

இருந்ததையெல்லாம் ஆட்டோவில் ஏற்றி வந்து, பூச்சாடியோடு மணலில் புதைத்தார். காய் வேண்டுமே! சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்து, கன்றுகளில் நூலால் கட்டத் தொடங்கினார்.

பின்கதவில் சஹ்லா நின்றாள்.

"வாப்பா, வெள்ளை நூல் தூரத்துக்கே தெரியும்."

உள்ளே போய்த் தன் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்து வந்து நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "மாமி வீட்டாக்கள்ட முகத்துல நான் எப்பிடி முழிக்கப் போறன்?"

மகள் தந்த நூலை வாங்கும்போது நளீரின் கை கூசியது. வாங்காமல் விடவும் முடியவில்லை.

ஜும்ஆ முடிந்து முத்தலிபும் லைலாவும் வந்தார்கள். தேத்தண்ணியைக்கூட வாயில் வைக்காமல் முத்தலிப் பின்வளவுக்கு நடந்தார். நளீர் பின்னாலேயே போனார்.

ஒரு சாண் கன்றுகள். ஒவ்வொன்றிலும் கைமுட்டி அளவுக் கத்தரிக்காய். பாரம் தாங்காமல் கன்றுகளெல்லாம் மணலைத் தொட்டுக் குனிந்து நின்றன.

முத்தலிப் சாரத்தை மடித்துக்கொண்டு குந்தினார். "இந்தக் கண்டுக்கு என்ன வயசு மச்சான்?"

"அது... கட்டை இனம்."

முத்தலிப் ஒரு காயை லேசாகத் தொட்டார். அது பச்சை நூலோடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. நூலைப் பார்த்தார். பக்கத்துக் கன்றை மெல்ல இழுத்தார். கன்று பூச்சாடியோடு வந்தது.

குசினி யன்னலில் தெரிந்த சஹ்லாவின் முகம் மறைந்தது.

கடையில் ஆயிரம் பேரைச் சுவரில் எழுத்தைப் பார்க்கச் சொன்ன நளீருக்கு, எதிரில் இருக்கும் ஒருவரைப் பார்க்கக் கண் எழவில்லை. மணலைப் பார்த்தபடியே சொன்னார்.

"பொய் மச்சான். முழுக்கப் பொய். நான் நட்டது கரட். அதுவும் வரல்ல. உங்களுக்குத் தந்ததெல்லாம் சந்தையில வாங்கினது. வாயடைச்சு இரிக்கத் தெரியாம ஒண்டச் சொல்லிப்போட்டு, பொறகு திருப்பிச் சொல்ல வெக்கமாப் போச்சு. மகளுக்கு இதுல ஒண்டுமே இல்ல. என்ட பிழைக்கு அதத் தண்டிச்சிராதீங்க."

பஸ்மிலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனி உங்கட வீட்டுக்கு ஒரு காயும் கொண்டு வரமாட்டன்," என்றார் நளீர்.

முத்தலிப் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "பொய் எண்டா மச்சான்..." என்று தொடங்கியவர், மனைவியின் முகத்தைப் பார்த்தார், ஏனோ அப்படியே நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த கத்தரிக்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

லைலா பதறிப்போய் முன்னால் வந்தார்.

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க காக்கா, கலியாணம் முடிஞ்சாலும் கொண்டு வாறத நிப்பாட்டிராதீங்க, இந்த மனிசன் எங்கட தோட்டத்து நல்ல காயெல்லாம் கல்முனைச் சந்தைக்கு ஏத்திப்போட்டு எனக்குப் புழுக் குத்தின சூத்தையத்தான் தாறவர், நீங்க வாங்கிட்டு வரத் தொடங்கின பொறகுதான் நான் எங்கட கத்தரிக்காயையே ருசி பார்த்தன்!"