அந்துருண்டை மணக்கும் குரங்கு

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு இன்றைக்கும் பாலித்தீன் கவர் உண்டு. சோபாவின் மேல் ஒரு துணி, அந்தத் துணி அழுக்காகாமலிருக்க அதன்மேல் ஒரு துண்டு. புதுப் பொருளை யாராவது பயன்படுத்துவதைப் பார்த்தாலே எனக்குப் பொறுக்காது. இந்த வியாதி வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2008ஆம் ஆண்டில் இதைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனேன்.

அப்போது தினமும் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி, முட்லூரில் இறங்கி, புவனகிரி பஸ்ஸுக்கு மாறிப் போவேன். வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். வேலை நிரந்தரமாக இன்னும் சில மாதங்கள் பாக்கி. அதற்குள் ஒரு மெமோ வாங்கினால் எல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்பதால், சத்தமாகத் தும்மக்கூடப் பயந்துகொண்டிருந்த காலம் அது.

ஜூன் மாதம் கல்வித் துறையிலிருந்து பள்ளிக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. பிள்ளைகள் விளையாடியும் பாடியும் நடித்தும் படிக்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். உள்ளே மரக்கட்டைகள், ஒரு சின்ன மேளம், கிரேயான்கள், கையில் மாட்டி ஆட்டுகிற குரங்கு பொம்மை, கரடி பொம்மை. குரங்குக்குச் சிவப்பு வெல்வெட் சட்டை. அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் எனக்குத்தான் ஆசை வந்தது. பத்திரப்படுத்துகிற ஆசை.

எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மட்டும் திறந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். "கண்ணால பாக்கணும், கையால தொடக்கூடாது" என்பேன். முப்பது பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். (மியூசியத்தில்கூட அவ்வளவு ஒழுங்கு இருக்காது.) பிறகு புது அந்துருண்டை போட்டு, பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடுவேன்.

அந்த வகுப்பில் சுகந்தி என்று ஒரு பெண். பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் டீச்சர்' என்றுகூடச் சொல்லமாட்டாள், கையை மட்டும் தூக்குவாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வூட்ல வாயே மூடாது டீச்சர். இங்க வந்தா ஏன் இப்பிடின்னு தெரியல" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அவளுக்கான குறிப்பேட்டில் 'பேசத் தயக்கம்' என்று எழுதினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் தலைமையாசிரியர் வந்து, மறுநாள் சிதம்பரத்திலிருந்து ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார். பெட்டியைப் பயன்படுத்தாத பள்ளியிலிருந்து அதைத் தூக்கி வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். டீச்சருக்கு மெமோவாம். "நீங்க எல்லாத்தையும் யூஸ் பண்றீங்க இல்ல?" என்றார். தினமும் பண்றோம் சார் என்றேன்.

மணியடித்துப் பிள்ளைகள் போனதும் கிரேயான் டப்பாவோடு வராந்தாவில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு கிரேயான்களையும் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினேன். குரங்கின் மேல் கொஞ்சம் மண்ணைத் தடவலாம் என்று எடுத்தேன், மனசு வரவில்லை. சட்டையை நீவிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் வந்த அதிகாரி நாற்காலியை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். கிரேயான் டப்பாவைத் திறந்தார். பன்னிரண்டும் அளவெடுத்தது மாதிரி ஒரே உயரத்தில் தேய்ந்திருந்தன.

"வெள்ளை கிரேயான்ல இவ்ளோ என்ன வரைஞ்சாங்க டீச்சர்?"

"மேகம் மேடம்" என்றேன். (வெள்ளைத் தாளில் வெள்ளை மேகம். என் மூளை அவ்வளவுதான் ஓடியது.)

அடுத்து குரங்கை எடுத்து மோந்து பார்த்தார். அந்துருண்டை வாசம் எனக்கே அடித்தது. தலைமையாசிரியர் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தார்.

அதிகாரி குரங்கைப் பாயில் வைத்தார். பிள்ளைகளிடம், யாருக்கு விருப்பமோ வந்து பொம்மையை வைத்து என்ன வேண்டுமானாலும் நடித்துக் காட்டலாம் என்றார். ஒருவரும் அசையவில்லை. முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். மெமோ கண்ணெதிரே டைப் ஆகிக்கொண்டிருந்தது.

அப்போது சுகந்தி எழுந்து வந்தாள். வலது கையில் குரங்கு, இடது கையில் கரடி. (எப்படி மாட்டுவது என்று எனக்கே தெரியாது.) தன் புத்தகப்பையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள். அது நான் செருமுகிற செருமல்.

"கை கழுவுனியா? காட்டு. கண்ணால பாக்கணும், கையால தொடக்கூடாது" என்றது குரங்கு. கரடியைப் பைக்குள் திணித்துவிட்டு, இல்லாத பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. வகுப்பே ஓவென்று சிரித்தது.

பைக்குள்ளிருந்து கரடி அழுதது. "டீச்சர், உள்ள இருட்டா இருக்குது. வெளிய வுடுங்க டீச்சர்."

"வுடமாட்டேன். நீ அழுக்காயிடுவ."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். அதுவும் என் குரலாக வருகிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சத்தியமாக மெமோ மறந்தேபோனது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேர் என்ன என்று கேட்டார். "சுகந்தி, ரெண்டாம் வகுப்பு" என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க டீச்சர்."

வாங்கி அவள் கையில் வைத்தார். "இனிமே பீரோ ஒன் பொறுப்பு" என்றார். மெமோ வரவில்லை. பெட்டியும் போகவில்லை.

சுகந்தி மறுநாள் காலையில் பீரோவைத் திறந்தாள். அதற்குப் பிறகு பூட்டவே இல்லை. ஏப்ரலுக்குள் குரங்குக்கு ஒரு காது போய்விட்டது, வெல்வெட் சட்டை மண் நிறமாகிவிட்டது. வெள்ளைக் கிரேயானைப் பிள்ளைகள் கரும்பலகையில் தேய்த்து நாசம் செய்தார்கள். சுகந்தியின் குறிப்பேட்டில் அந்த வருடக் கடைசியில் நானே எழுதினேன்: 'பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.'

இதை என் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்கு யார் வந்தாலும் ரிமோட்டின் கவரை உருவி இரண்டு விரலில் மாட்டிக்கொள்வார். தொண்டையைச் செருமுவார். "கண்ணால பாக்கணும்" என்று ஆரம்பிப்பார். மீதியை என் மகள் முடிப்பாள். வந்தவர்கள் சிரித்து ஓய்கிறவரை நானும் கூடவே சிரிப்பேன். பிறகு கவரைக் கேட்டு வாங்கி, துடைத்து, மறுபடியும் ரிமோட்டுக்கே மாட்டிவிடுவேன்.