தொண்ணூற்றொன்பதாவது பக்கம்

கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்
செவ்வாய்க்கிழமை

புத்தூர் மாப்பிள்ளை முனுசாமி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் கன்னையா மரியாதையோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. இங்கே நானும் ரத்னம்மாவும் நலம். அங்கே நீங்களும், என் தங்கை அலர்மேல்மங்கையும், உங்கள் மகள் சுஷ்மிதாவும், காய் இறக்காமல் மிச்சமிருக்கும் மாமரங்களும் நலமாக இருக்க வேண்டும்.

சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. ஆகவே இக்கடிதத்தில் வருபவை:

1. காகிதம் படிக்கும் மென்பொருளின் விலையும் உரிமக் கட்டணமும்.
2. அந்தச் செலவைத் தவிர்க்க நான் செய்த சிக்கனம்.
3. சிக்கனத்தால் வந்த தொலைபேசி அழைப்புகள்.
4. கங்காதர நெல்லூர் சம்பந்தம்.
5. அந்தச் சம்பந்தம் என் கைப்பிழையால் வந்தது என்பதும், ஆகவே வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தை நீங்கள் நிறுத்திவைக்க வேண்டும் என்பதும்.

ஐந்தாவதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதீர்கள். போனை அணைத்துத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். காரணம் மூன்றாவதில் வரும்.

முதலாவது. நம் சங்கத்தின் வரன் பதிவேடு பதினான்கு வருடமாக என் வசம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஜாதகம் நீலக் கோப்பில், நூற்று நான்கு. பெண்கள் ஜாதகம் மஞ்சள் கோப்பில், தொண்ணூற்றிரண்டு. எல்லாம் அரைத்தாள், எல்லாம் பதிவு எண் வரிசை. பொங்கலுக்கு வந்த சுஷ்மிதா இதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இன்னும் இதைக் கையால புரட்டிக்கினு இருக்கீங்க? திருப்பதியில எங்க கம்பெனியே இந்த வேலைதான் செய்யுது. காகிதத்தைக் காட்டினா அதுவே படிச்சி, அதுவே எழுதி வெச்சிடும்" என்றாள். சங்கத்தார் விலை விசாரிக்கச் சொன்னார்கள், விசாரித்தேன். மாப்பிள்ளை, விலை என்று ஒன்று இருந்தால் சொல்லிவிடலாம், அது ஒரு கிளை பிரியும் மரமாக இருக்கிறது. பக்கத்துக்கு நான்கு ரூபாய், ஆனால் மாதம் ஆயிரம் பக்கத்துக்குக் குறைந்து வாங்க முடியாது, மிஞ்சிய பக்கத்தை அடுத்த மாதம் பயன்படுத்தவும் முடியாது (சோறு மிஞ்சினால்கூட நீர் ஊற்றி வைக்கிறோம்). ஆங்கிலம் படிக்கத் தனிக் காசு இல்லை, தெலுங்குக்கு ஆயிரத்து ஐந்நூறு, தமிழுக்கு ஆயிரத்து ஐந்நூறு. நம் ஜனங்களோ பெயரைத் தெலுங்கிலும் நட்சத்திரத்தைத் தமிழிலும் உத்தியோகத்தை ஆங்கிலத்திலும் எழுதுகிறவர்கள், ஒரு வரிக்கே மூன்று பாஷைக்கும் வரி கட்ட வேண்டும். கையெழுத்தாக இருந்தால் மேலும் இரண்டாயிரத்து ஐந்நூறு. இதெல்லாம் போக, பார்க்கிற ஆள் ஒவ்வொருவருக்கும் மாதம் தொள்ளாயிரம் ரூபாய் உரிமம். விண்ணப்பத்தில் 'இந்த ஆவணங்களை யார் யார் பார்ப்பார்கள்' என்று கேட்டிருந்தது. பொய் எழுத மனம் வராததால், நான், சங்கத்துத் தலைவர், செயலாளர், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் என் மனைவி ரத்னம்மா, பேப்பர் இரவல் வாங்க வரும் பக்கத்து வீட்டுக்காரர், அவரைத் தேடிக்கொண்டு வரும் அவர் சம்சாரம் என்று ஆறு பேரையும் எழுதினேன். வரி உட்பட மாதம் பதினேழாயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு ரூபாய் என்று பதில் வந்தது. நம் சங்கத்துக்கு வருடம் முழுதும் வரும் சந்தா ஒன்பதாயிரத்து அறுநூறு.

"ஒரே தடவையா விலை குடுத்து வாங்கிட முடியாதாம்மா?" என்று சுஷ்மிதாவைக் கேட்டேன். "இப்போ யாரும் விக்கிறதில்ல மாமா. வாடகைதான்." வாடகையை நிறுத்திவிட்டால் உள்ளே போன ஜாதகங்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். "உள்ளதான் இருக்கும். நீங்க தொறக்க முடியாது." இதைக் கேட்டுக்கொண்டிருந்த ரத்னம்மா, "தொண்ணூத்திரண்டு பொண்ணுங்களை உள்ள வெச்சிப் பூட்டிக்குவானுங்களா? நல்லா கீதே ஞாயம்!" என்றாள். அதோடு இந்த யோசனையைக் கைவிட்டிருக்க வேண்டும். ஆனால் சுஷ்மிதா, பதினான்கு நாளைக்கு நூறு பக்கம் வரை இலவசம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாள்.

இரண்டாவது. நூற்றுத் தொண்ணூற்றாறு ஜாதகம், நூறு இலவசப் பக்கம். ஒரு முழுத்தாளில் இரண்டு அரைத்தாளை ஒட்டினால் தொண்ணூற்றெட்டுப் பக்கத்தில் முடிந்துவிடும், கைப்பிழைக்கு இரண்டு பக்கம் மிச்சமும் இருக்கும். இந்தக் கணக்கு தோன்றிய அன்று நான் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். ஆனாலும் சட்டப்படி சரியா என்று பயம். உரிம ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம், முழுவதும் படித்தேன், அதைப் படித்த முதல் மனிதன் நான்தான் என்று கம்பெனியிலேயே சிரித்தார்களாம். பதினேழாவது பிரிவில் 'பக்கம் என்பது தாளின் ஒரு புறம்' என்று இருக்கிறதே தவிர, அந்தப் புறத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று இல்லை. இருந்தும் சுஷ்மிதாவிடம் கேட்டேன். "ஒட்டுங்க மாமா, நல்லா ஒட்டுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ரத்னம்மா மைதா மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள். நீலத்தில் ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும், மஞ்சளிலும் அப்படியே. நோட்டில் குறித்தபடி நீலம் ஐம்பத்திரண்டு தாள், மஞ்சள் நாற்பத்தாறு தாள், ஆக மொத்தம் தொண்ணூற்றெட்டு. மூன்று முறை எண்ணினேன்.

தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கம்பெனியிலிருந்து கிஷோர் என்ற பிள்ளை திருப்பதி பஸ்ஸில் வந்தான். நல்ல பிள்ளை. அவன் ஜாதகமும் நம் நீலக் கோப்பில் எண்பத்தேழாம் எண், கங்காதர நெல்லூர் இந்திராணி அம்மாளின் மகன். வேலை மூன்று மணி நேரம், அதில் இரண்டரை மணி நேரம் ஆபீசோடு போனில் பேசிக்கொண்டே இருந்தான், நடுநடுவே சிரிப்பு. இலவசத் திட்டத்திலேயே இவ்வளவு தொழில்நுட்ப உதவி தருகிறார்களே என்று நான் வியந்தேன். வெள்ளைத்தாள் ஒன்று கேட்டான், கொடுத்தேன், நோட்டில் பதிந்தேன். முடிந்ததும் கருவி 'தொண்ணூற்றொன்பது பக்கம்' என்றது. என் நோட்டு தொண்ணூற்றெட்டு என்கிறது. கருவிக்கும் எனக்கும் தகராறு வந்தால் தப்பு என் பக்கம்தான் இருக்கும் என்பது எழுபத்திரண்டு வருட அனுபவம். நோட்டை அடித்துத் திருத்தினேன்.

மூன்றாவது. இந்த மென்பொருள் வியாபாரிகளுக்காகச் செய்யப்பட்டதாம். ஆர்டர் சீட்டையும் பில்லையும் சேர்த்துக் காட்டினால் இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டு தரப்புக்கும் போனில் செய்தி அனுப்பிவிடும். ஒரே தாளில் இரண்டு இருந்ததால் எங்கள் ஜாதகங்களை ஆர்டரும் பில்லுமாக எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, அதிலிருந்த எல்லாப் போன் எண்களுக்கும் 'நூறு சதவீதம் பொருந்தியது, ஒப்புதல் அளிக்கப்பட்டது, தங்கள் வியாபாரத்துக்கு நன்றி' என்று செய்தி போய்விட்டது. ஆறு முப்பத்திரண்டுக்கு ராமகுப்பத்திலிருந்து ஒருவர்: "சாமி, என் பெரிய பையனுக்கும் சின்னப் பையனுக்கும் பொருத்தம்னு வந்துகீது. பொறந்ததுலருந்து அதுங்க ரெண்டும் ஒரே தட்டுல துன்னுக்கினு அடிச்சிக்கினு கீதுங்க, இதுல நூறு பர்சென்ட்டு எங்கருந்து வந்துச்சி?" அண்ணன் தம்பி இருவரையும் அவர் ஒரே நாளில் பதிவு செய்திருந்தார், அடுத்தடுத்த எண். அதை வைத்தவுடன் குப்பத்திலிருந்து ஒருவர்: "ஏமய்யா கன்னையா, பொண்ணு கேட்டா பார்ட்னர் குடுக்கறியே! என் பையனும் லாரி ஓட்றான், நீ பொருத்தம் சொன்ன அந்தப் பையனும் லாரி ஓட்றான். சேர்ந்து மூணாவது லாரி வாங்கச் சொல்றியா?" மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டு, அந்த இன்னொரு பையனின் தகப்பனாரிடம் பேசியதாகவும், மூன்றாவது லாரி யோசனை மோசமில்லை என்றும், பூஜைக்கு நான் வர வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு நாளில் நூற்றுப் பதினோரு அழைப்பு. திட்டியவர் பாதி, சிரித்தவர் பாதி, "அப்போ கல்யாணம் எப்போ?" என்று உண்மையாகவே கேட்ட ஒரு பெரியவர். அதன் பிறகுதான் துவரம்பருப்பு டப்பா.

நான்காவது. டப்பாவுக்குப் போவதற்குச் சற்று முன்னால் இந்திராணி அம்மாள் கூப்பிட்டார். எனக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. "அண்ணா, நீ நல்லா இருக்கணும்! புத்தூர் பொண்ணு, சுஷ்மிதா, நூத்துக்கு நூறுன்னு வந்துகீது. ஜோசியர் சொன்னா நாலு பேர் நாலு சொல்லுவாங்க. இது கம்ப்யூட்டரே சொல்லுது, அதுவும் திருப்பதி கம்ப்யூட்டர்!" அவருக்குப் பின்னாலேயே நீங்கள். "மச்சான், மூணு வருஷமா பதினோரு வரன் காட்டிட்டேன், மூக்கு சரியில்ல முழி சரியில்லன்னு தள்ளிக்கினே வந்தா. இன்னிக்குக் கேட்டா, 'மாமா பார்த்தா சரியாத்தான் இருக்கும் நைனா'ன்னு தலையைக் குனிஞ்சிக்கினா! நீ ஒரே பட்டன்ல முடிச்சிட்டியே!" என்று நீங்கள் சொன்னதும், மறுநாளே ஒரு கூடை மாம்பழம் பஸ்ஸில் வந்ததும், அதை நான் தின்ன முடியாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் கடவுளுக்குத் தெரியும். (ரத்னம்மா தின்றாள். இனிப்பாம்.)

ஐந்தாவது. மாப்பிள்ளை, இதைத்தான் எழுதப் பயந்துகொண்டு இத்தனை தூரம் வந்தேன். என் முறைப்படி நீலத்தோடு நீலம், மஞ்சளோடு மஞ்சள். ஒரு பிள்ளையும் ஒரு பெண்ணும் ஒரே தாளில் வரவே வழியில்லை. சுஷ்மிதாவும் கிஷோரும் வந்திருக்கிறார்கள் என்றால், பசைக் கையோடு நான் எங்கோ கோப்பு மாற்றி எடுத்திருக்கிறேன். அந்தத் தொண்ணூற்றொன்பதாவது பக்கம் என் தடுமாற்றம். ராசி பார்க்கவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை, மைதா பார்த்துச் செய்த சம்பந்தம் இது. நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு கண்ணீர் என்றால், மாமா பார்த்தது என்றுதானே சொல்லும்? வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கும் சமையலுக்கும் சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், நிறுத்திவையுங்கள். இந்திராணி அம்மாளுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன், ரத்னம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு.

உங்கள் தோட்டத்தில் காய் குலை குலையாகத் தொங்கட்டும். அலர்மேல்மங்கைக்கு முட்டிவலி குறையட்டும். சுஷ்மிதாவுக்கு, நான் கை வைக்காத இடத்திலிருந்து நல்ல வரன் வரட்டும்.

தங்கள் மன்னிப்பைக் கோரும்,
கன்னையா

பின்குறிப்பு: எழுதிய ஆவணத்தைக் கிழிப்பது எங்கள் ஆவண அறையில் வழக்கமில்லை, திருத்தம் சேர்ப்பதுதான் வழக்கம். ஆகவே மேலே உள்ளது அப்படியே இருக்கட்டும், இதையும் படியுங்கள். கடிதத்தோடு சாட்சியாக வைக்கலாம் என்று அந்தத் தாளைத் தேடிக் கட்டைப் பிரித்தேன். சித்தூர் வெயிலில் என் பசை முழுவதும் காய்ந்து உதிர்ந்து, தாள்களெல்லாம் ஜாதகம் வேறு வெள்ளைத்தாள் வேறாகக் கிடந்தன, மிச்சத்தை எறும்பு தின்றிருந்தது. வெறும் வெள்ளைத்தாளை எண்ணினேன், தொண்ணூற்றெட்டு. எண்பத்தேழாம் எண் தன் ஜோடியான எண்பத்தெட்டோடு ஒழுங்காக அங்கேயே இருந்தது. சுஷ்மிதாவுடையதும் மஞ்சளில் அதன் இடத்தில் இருந்தது. அப்படியானால் தொண்ணூற்றொன்பதாவது? அது அடியில் இருந்தது, இருவர் ஜாதகத்தின் புத்தம்புது நகல்கள், ஓரமெல்லாம் ஊதா நிறப் பசை. ஸ்டீல் ஸ்கேல் வைத்து நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை.

ரத்னம்மா எட்டிப் பார்த்தாள். "இது என் மைதா இல்லியே. அந்தப் புள்ள பையிலருந்து லிப்ஸ்டிக் மாதிரி ஒண்ணு எடுத்துத் தேச்சிக்கினு இருந்திச்சே, அது."

"எப்போ?"

"நீ வெள்ளைத்தாளு ஒண்ணுன்னு நோட்டுல எழுதிக்கினு இருந்தப்போ. போன்ல யார்கிட்ட பேசிச்சின்னு நெனைச்சே? 'சுஷ்மி, ஒட்டிட்டேன், உங்க மாமா பார்க்கல'ன்னு சொல்லிச்சி."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல. மாம்பழம் வேற வந்துக்கினு இருந்திச்சி."

நோட்டைப் பார்த்தேன். 'கிஷோருக்கு வெள்ளைத்தாள் – 1' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மூன்று முறை எண்ணியதும் சரி, நீலத்தோடு நீலம் சேர்த்ததும் சரி. பதினோரு வரனைத் தள்ளிய பெண் பன்னிரண்டாவதுக்கு ஏன் தலை குனிந்தாள் என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. பொருத்தத்தை அவர்கள் இரண்டு பேருமே பார்த்து முடித்துவிட்டார்கள், நமக்குத் தெரிவிக்கத்தான் மாதம் பதினேழாயிரம் ரூபாய் மென்பொருள் தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் இலவசப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் வந்துவிடுவோம். கூடையில் ஒரு மாம்பழம் பாக்கி இருக்கிறது, இதை முடித்ததும் தின்னப் போகிறேன். நிறுத்த வேண்டாம், மாப்பிள்ளை. ஐந்தாவது குறிப்பு தவறு.