டொக்கு மாமா பேரிங் மாற்றிய ஞாயிறு

கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சலித்தாலும், இவ்வளவு நல்ல காதும் இவ்வளவு கெட்ட வாயும் ஒரே தலையில் அமைந்த ஆளைப் பார்க்க முடியாது. அவர்தான் டொக்கு மாமா. சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம்.

எந்த வண்டி நின்றாலும் ஸ்குரூடிரைவர் நுனியை இஞ்சினில் வைப்பார், கைப்பிடியைக் காதில் அழுத்துவார், உள்ளே தட்டும் சத்தம் கேட்டால் "டொக்கு இருக்கு" என்பார். ஒரு சாவு வீட்டில் சவ வண்டிக்கும் அப்படியே காதைக் கொடுத்துவிட்டு, "இது சுடுகாடு வரைக்கும் தாங்காதப்பா" என்றார். வண்டி பாதி வழியில் நின்றது. பாடையைத் தோளில் சுமந்தவர்கள் வண்டிக்காரனை விட்டுவிட்டு அவரைத்தான் திட்டினார்கள். உண்மையைச் சொல்பவனுக்கு நம் ஊரில் தரும் கூலி அது.

சுருளிப்பட்டிப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப் அவருடையது. என் அம்மாவும் அதில்தான் போவார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் பார்த்தவன் நான். அந்தப் படிப்பு மொத்தமும் அம்மா இன்னொருத்தி மடிமேல் உட்கார்ந்து மலையேறிச் சம்பாதித்தது. அத்தனை ஆடுகளை ஒரு ஜீப்பில் அடைத்தால் கேஸ் போடுவார்கள். பெண்கள் என்பதால் யாரும் எண்ணுவதில்லை.

ஒருநாள் அவர் ஜீப்பே டொக்கு போட்டது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயைத் தளர்த்திப் பார்த்தார். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் அமுங்கியது. "பிக் எண்டு பேரிங் தேஞ்சு போச்சு" என்றார், சொந்தக்காரர் சாவைச் சொல்வது போல.

"அம்புட்டுப் பேர ஏத்திக்கிட்டு டாப் கியர்லயே மலையேறுனா தேயாம என்ன மாமா செய்யும்?"

"ஏலே, கியரக் குறைச்சா குடிக்கிற டீசல உங்கப்பனா ஊத்துவான்?"

"தேனிக்குப் பட்டறைக்குக் கொண்டு போவோம்."

"நாலு நாளு நிக்கும். ஆளு சேர்க்குற கங்காணி வேற ஜீப்ப விட்டுட்டு என்னையத் தோட்டத்துக்குக் களை பறிக்க வரச் சொல்லுவான்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டு வாசலில், ஜீப்பைக் கல்மேல் ஏற்றி ஆபரேஷன். எண்ணெய் நிற்கும் சேம்பரைக் கழற்றினார். அடியில் தேய்ந்த பேரிங்கின் செம்புத் தூள் மினுங்கியது. பேரிங்கைச் சுழலும் கிராங்க் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்பு மூடிகள் நான்கு. எந்த மூடி எந்தச் சிலிண்டரில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும்; மாறினால் இறுகி, இஞ்சின் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். உளியால் குறி வைக்கச் சொன்னேன். "பெத்த பிள்ளைக்குச் சூடு வைப்பியாடா?" என்று சாக்பீஸில் நம்பர் போட்டார்.

புதுப் பேரிங்குகளைப் பூட்டும் முன் வீரபாண்டி மாரியாத்தாளுக்குப் படைக்க வேண்டும் என்று பெண்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். அம்மாதான் முன்னின்றார். எண்ணெய்ப் பிசுக்கோடு எதையும் சாமி முன்னால் வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மாமா டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான்கு மூடிகளும் சோப்புத் தூளில் வெள்ளிக் கிண்ணம் போலக் கழுவப்பட்டு, வாழையிலையில் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. ஒரு நம்பர்கூட இல்லை.

மாமா இலையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சந்தனத்தைத் துடைத்துவிட்டு, குத்துமதிப்பாகப் பூட்டினார்.

"கொஞ்சம் இறுக்கமாச் சுத்துது மாமா."

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை மலையில் பாதிக்கு மேல் ஏறியதும், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி எல்லோரையும் இறங்கச் சொன்னாராம். பெண்கள் யார் காதுக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"இன்னும் ரெண்டு வளைவுதானண்ணே, ஓட்டிப் பாருங்களேன்!"

"நடுவுல இஞ்சின் பிடிச்சா பின்னால உருளும்டி. இறங்குங்க!"

இறங்கினார்கள். வெறும் ஜீப் இரண்டு கஜம் போய், கிறீச்சிட்டு நின்றது. அது பின்னால் உருளாமலிருக்க அவர்களே சக்கரத்துக்குக் கல் போட்டார்கள். ஆனாலும் நாள் கூலி போன ஆத்திரம். "வேலை தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்பேனர்?" என்று மலை முழுக்கத் திட்டினார்கள். எல்லோரையும் விட அம்மாவின் குரல்தான் உரக்கக் கேட்டதாம். கழுவியது யார் என்று மாமா சொல்லவே இல்லை. எனக்கு அது தாங்காமல், அன்று மாலை நான்தான் அம்மாவிடம் சாக்பீஸ் நம்பரைப் பற்றிச் சொன்னேன். அம்மா அதற்குமேல் திட்டவுமில்லை, சாப்பிடவுமில்லை.

கங்காணி மறுநாளே வேறு ஜீப்பை அனுப்பினான். மாமா அந்த வாரமே அவன் தோட்டத்துக்குக் களை பறிக்கப் போகும் ஆளாகிவிட்டார், வாய்தான் குறையவில்லை.

புது ஜீப் வந்து நின்ற காலை, பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். அம்மா மட்டும் கீழேயே நின்றார். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, சத்தத்தக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அம்மா, ஓரமாக நின்ற மாமாவிடம். "நீங்க சொன்னாத்தான் ஏறுவேன்."