தொரைக்கு ஒரு போர்வை

"ஏனுங்க, இது வெட்ட வெட்ட நீளுதுங்க," என்றாள் பெண்டாட்டி சசிரேகா.

பனியன் துணியின் குணம் அப்படி. சதுரமாக வெட்டி வைத்தால், அடுத்ததை வெட்டுவதற்குள் முதலாவது கோணிச் சுருண்டுகொள்ளும். நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

தேயிலை விலை விழுந்து எழுந்திருக்கவே இல்லை. குன்னூர் எஸ்டேட் ஆபீசில் இருப்பதே அவரும் கொர்னேலியஸும் என்று ரெண்டு கிளார்க்குகள்தான். மாசக் கடைசியில் அதிலும் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். யாரை என்று மேனேஜர் லெஸ்லி தொரைதான் முடிவு செய்ய வேண்டும். இந்த வயசில் வெளியே தள்ளினால் யார் வேலை கொடுப்பார்கள்?

தொரைக்கு எஸ்டேட் ஸ்போர்ட்ஸ் டே என்றால் உயிர். வருஷா வருஷம் எல்லாருக்கும் டீ-சர்ட் கொடுப்பார். காசில்லாமல் அதுவும் நின்றுபோய் மனுஷன் வாடிக் கிடந்தார். அந்தப் பழைய டீ-சர்ட்டுகளைச் சேர்த்து ஒரு போர்வையாகத் தைத்துக் கொடுத்தால் உருகிவிடுவார் என்பது நாச்சிமுத்துவின் கணக்கு.

"கஞ்சி போடு, துணி நிக்கும்," என்றார்.

நின்றது. ஆனால் காயத்தான் மாட்டேன் என்றது. விடாத மழையில் நாலாம் நாள் புளித்துப்போனது.

"ஊடெல்லாம் பழைய சோத்துப் பானையாட்ட நாறுதுங்க."

அலசிப் பிழிந்து, ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் மிஷின்மேல் விரித்துப் போட்டார். நன்றாகவே காய்ந்தது. காய்ந்த கையோடு சுருங்கியும் போனது. தொரையின் நெஞ்சை மூடினால் முழங்கால் தெரியும்.

"சுத்தியும் ஏதாச்சும் கம்பளித் துணி வெச்சுத் தைக்கலாம். உன் சால்வை இருக்குதில்ல?"

"கல்யாணத்துக்கு எடுத்ததுங்க அது."

"வேல இருந்தா வேற வாங்கிக்கலாம் புள்ள."

"இல்லாட்டி?"

அவளே சால்வையை எடுத்து வந்து வெட்டினாள். வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் பொழுதுக்கும் குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்த நாச்சிமுத்து, விரலைக் குத்திக்கொண்டதுதான் மிச்சம்.

போர்வை என்னவோ அசத்தலாக அமைந்துவிட்டது. தொரை தடவித் தடவிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"யார் தைச்சது நாச்சிமுத்து?"

பெண்டாட்டி பேர் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. பெருமையைப் பங்கு போடுகிற நேரமா இது?

"நானேதாங்க தொரை. ஒவ்வொரு தையலும் என் கையால போட்டதுங்க."

தொரை அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து, ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டார்.

சாயங்காலம் தொரையின் டிரைவர் சில்வஸ்டர் வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல வேலை பண்ணீங்கண்ணே. ரெண்டு பேர்ல யாரை அனுப்பறதுன்னு தொரை சோறு தண்ணி இல்லாமத் தவிச்சிட்டிருந்தார். 'கொர்னேலியஸுக்கு பேனாவை விட்டா ஒண்ணும் தெரியாது, நாச்சிமுத்து ஒரு தையல் மிஷினைப் போட்டாவது பொழைச்சுக்குவான்'னு இப்பத்தான் நிம்மதியா முடிவு பண்ணினார்."