வானத்தில் பத்தரை மணி நேரம்

“பத்தரை மணி நேரந்தானா?” என்று கேட்டபோது தைலம்மாளின் முகம் வாடிப்போனது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அன்புமணிக்கு அது புதிதாக இருந்தது. லண்டனிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ எண்ணாயிரத்து இருநூறு கிலோமீட்டர். நிற்காமல் வந்தாலே பத்தரை மணி நேரம். யாரிடம் சொன்னாலும் ‘இவ்வளவு நேரமா’ என்றுதான் அலுத்துக்கொள்வார்கள்.

லீவில் வரும் மகன் சித்தார்த்துக்கு அம்மாவே டிக்கெட் எடுத்துத் தருகிறாராம். அன்புமணி யோசித்து, தோஹாவில் இறங்கி ஏறும் பதினேழு மணி நேரப் பயணம் ஒன்றைக் காட்டினான். அவர் முகம் மலர்ந்தது.

“நடுவுல எறங்குனா போன் பேசுவானா தம்பி?”

“ஏர்போர்ட்லயே நெட் இருக்கும்மா. வீடியோவுலயே வருவாரு.”

மலர்ந்த முகம் மறுபடி சுருங்கியது. பாவம், பிள்ளையைப் பிரிந்த ஏக்கம் என்று அன்புமணி முடிவு செய்தான். அவனுக்கும் அம்மா உண்டு. அன்று மாலையே, பறக்கும்போதும் இணையம் கிடைக்கிற விமானம் ஒன்றைத் தேடிப் பிடித்து, வீட்டுக்கே போய்ச் சொன்னான். தைலம்மாள் ஒரு செம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்துவிட்டு உட்கார்ந்தார். ஆனந்தம் தாங்கவில்லை போலும்.

அப்போது சித்தார்த்தின் போன் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு முறை வருமாம். குக்கர் மாற்றுவதிலிருந்து, தங்கை மாலதிக்குப் பிடித்த பையனை வேண்டாம் என்று தள்ளியது வரை எல்லாமே லண்டனிலிருந்துதான் நடந்தது. பொறுப்பான பிள்ளை என்று அன்புமணி மெச்சிக்கொண்டான்.

கடைசியில் நெட்டும் இல்லாத, எங்கும் நிற்காத விமானத்தைத் தைலம்மாளே தேர்ந்தெடுத்தார். நம்மூர்க் கணக்கில் அதிகாலை இரண்டுக்குப் புறப்பட்டு, மதியம் பன்னிரண்டரைக்குச் சென்னை.

“காலையில ஆறு மணிக்கு எங்க இருப்பான்?”

“கருங்கடலுக்கு மேலம்மா.”

“ஏழரைக்கு?”

“ஈரான் பக்கம் பறந்துக்கிட்டிருப்பாரு.”

அவர் அதைக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்து அன்புமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மகனை அழைத்துவர அவரைத் தன் காரிலேயே சென்னைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டான்.

அந்த நாளும் வந்தது. காலை ஐந்து மணிக்குப் பட்டுப்புடவையில் காரில் ஏறிய தைலம்மாள், சிதம்பரம் பக்கம் விடச் சொன்னார். சென்னை எதிர்த் திசையில் இருக்கிறது என்று அன்புமணி மூன்று முறை விளக்கிப் பார்த்தான். கோயிலுக்கு ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம் என்றார் அவர். மகன் பத்திரமாக வந்திறங்க வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து, குடிகாடு தாண்டியதும் வண்டியை இன்னும் விரட்டினான்.

சிதம்பரத்தில் அது ஒரு சின்ன முருகன் கோயில். உள்ளே யாருக்கோ கல்யாணம், மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தார்த்தின் பெயருக்கு அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நுழைந்த அன்புமணி, எதிரே வந்த தைலம்மாளின் கடைசி மகள் சுவேதாவிடம் அவனுடைய நட்சத்திரம் என்ன என்று கேட்டான்.

அவள் தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“அர்ச்சனையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் சார், எங்கண்ணன் எறங்கி போனை ஆன் பண்றதுக்குள்ள எங்கக்கா கழுத்துல தாலி ஏறணும்.”